நூலாயிக்கு வரப்பு தெரியாது

எங்கள் ஊரில் ஒருவருக்குத் திருட்டுப் பட்டம் கட்ட சாட்சியெல்லாம் தேவையில்லை, சுவரில் ஒரு திரை இருந்தால் போதும். ஐப்பசி மாதம் ஒரு காலையில், உழவர் கம்பெனி அலுவலகத்துத் திரையின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றபடி, ஊரில் பெரிய காட்டுக்காரரான செழியன் மாமா அந்தக் காரியத்தைச் செய்து முடித்தார்.

"ஏம்மா வதனி, இந்த அம்புக்குறியெல்லாம் எங்கேருந்து எங்க போவுது?"

"பள்ளக்காட்டுலேருந்து மேட்டுக்காட்டுக்கு, மாமா."

"அப்ப என் காட்டுச் சத்து அவங்க காட்டுக்குப் போவுது."

"கொஞ்சம் போவுது."

"கொஞ்சமோ நெறையவோ, கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்னா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் நின்ற நான்கு பேர் அந்தப் பேரைச் சொல்லிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.

என் பெயர் மதிவதனி. பெரம்பலூர்ப் பக்கம் ஏழுகரம்பை உழவர் கம்பெனியில் நுண்ணுயிர்ப் பொறுப்பு எனக்கு. படித்தது நுண்ணுயிரியல். வாய் மட்டும் வக்கீல் வாய் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். யூரியாக் கப்பல்கள் வருவது குறைந்து, மூட்டைக்கு வரிசை நின்று, வரிசையில் அடிதடியாகி, கடைசியில் வரிசைக்கே வேலையில்லாமல் போன காலத்தில்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். மக்காச்சோளம் யூரியாவை மூட்டை மூட்டையாக விழுங்கும் பயிர். யூரியா இல்லை என்றால் மக்காச்சோளம் இல்லை, அது இல்லை என்றால் எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக்கிடக்கும்.

அப்போது வந்து சேர்ந்தவள்தான் நூலாயி. ஆய்வகத்தில் அவளுக்கு வாயில் நுழையாத பெயர் உண்டு, அது இங்கே வேண்டாம். காற்றில் இருக்கும் நைட்ரஜனைத் தழைச்சத்தாகப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா ஒன்று, அதை முதுகில் ஏற்றிக்கொண்டு வேருக்கு வேர் நூல் கட்டித் திரியும் பூஞ்சை ஒன்று. இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்து ஒரே குடும்பமாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசினால் போதும், மண்ணுக்குள் குடித்தனத்தை அவளே பார்த்துக்கொள்வாள். ஒரே நிபந்தனை, ரசாயன உரம் ஒரு கைப்பிடி விழுந்தாலும் கோபித்துக்கொண்டு படுத்துவிடுவாள். எழுப்ப வருடங்கள் ஆகும்.

இதை நம்பி முதலில் உரமூட்டையை விட்டவர் செழியன் மாமாதான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஊரே சிரித்தபோது தன் காட்டைக் கொடுத்தார். சித்திரையில் நல்லேர் பூட்டுவது எப்போதும் அவர் காட்டில்தான். டிராக்டருக்குச் சந்தனம் பூசி, முதல் சால் ஓட்டி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்தபிறகே மற்றவர்கள் மண்ணைத் தொடுவார்கள். நூலாயியின் முதல் கரண்டியும் அவர் மண்ணில்தான் விழுந்தது. மேட்டுத்தெருக்காரர்கள் அன்றைக்கும் வழக்கம்போல வரப்புக்கு வெளியே நின்று பொங்கல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாமாவுக்கும் அவர் பங்காளிகளுக்கும் இருப்பது கரிசல் பள்ளக்காடு. மேட்டுத்தெருக்காரர்களுடைய மேட்டுக்காடு வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த நிலம். உருண்டை உருண்டையாகக் கல். கலப்பை போட்டால் கலப்பைதான் உடையும். பதினோரு வீட்டுக்குச் சொந்தமான அந்தக் காட்டில் வருடக்கணக்காக முள்தான் விளைந்தது, ஆட்களெல்லாம் திருப்பூரில் விளைந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவள் சுகந்தி. பனியன் கம்பெனியில் தையல் மிஷினை விட்டுவிட்டு வந்து, முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, நூலாயி பூசிய மக்காச்சோளத்தை விதைத்தாள். "ஒரே ஒரு போகம் பாக்குறேன்க்கா. வெளைஞ்சா இங்கயே இருந்துடுவேன். இல்லேன்னா மிஷினு இருக்கவே இருக்கு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் விதைத்ததைப் பார்த்து மற்ற பத்து வீட்டிலும் விதைத்தார்கள். கல்லுக்காட்டில் பயிர் இடுப்பு உயரம் வந்து நின்றது. அதை நான் தினமும் போய் நின்று பார்ப்பேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திரை அதற்குள் வேறு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டது.

கம்பெனிக் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. செழியன் மாமா எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. என் காட்டுக்குத் தொழுவுரம் அடிச்சது நானு. ஆட்டுக்கிடை போட்டது நானு. அந்தச் சத்து எம் பயிருக்குப் போவணும்ல?"

"ஐயா, நான் எதையும் எடுக்கலைங்க" என்றாள் சுகந்தி. "நீங்கல்லாம் பூசுன அதே கஞ்சியத்தான் நானும் பூசுனேன். மண்ணுக்குள்ள அது எங்க போவுது வருதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"நீ எடுக்கலம்மா. உன் காடு எடுக்குது."

என் வக்கீல் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, நூலாயிக்கு வரப்பு தெரியாது. இருக்கற எடத்துலேருந்து இல்லாத எடத்துக்குக் கொண்டுபோவா. அங்கேருந்து இங்க என்ன கொண்டாராள்னு நாம அளக்கவே இல்லையே."

"ஏன் அளக்கல?"

"தழை, மணி, சாம்பல்னு மூணு சத்துக்கும் மூணு ஊசி கேட்டேன். யூரியாவுக்குத்தானே மாத்து, தழைச்சத்து ஊசி ஒண்ணு போதும்னு இதே கூட்டத்துலதான் முடிவு பண்ணீங்க."

உண்மை அதுதான். மண்ணில் குத்திவைத்துச் சத்தை அளக்கும் அந்த ஊசிகள் சொல்வதுதான் திரையில் தெரியும். பயிர் பச்சையாக இருந்தால் நல்ல பயிர், வெளுத்தால் கெட்ட பயிர். எங்கள் ஊர்க் கண்ணுக்கு அதற்குமேல் தெரியாது, அதனால் திரைக்கும் தெரியாமல் போயிற்று.

"அங்கேருந்து என்னா வரும்? கல்லுதான் வரும்" என்றார் ஒருவர். மைதானமே சிரித்தது. சுகந்தி சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஒரு போகம் பொறுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கம்பெனியில் ஏக்கருக்கு ஒரு ஓட்டு. நல்ல நிலமெல்லாம் யாரிடம் இருக்கிறதோ ஓட்டும் அவர்களிடம்தான் இருக்கும். பாதை ஓரமாகக் குழி வெட்டி, தார்ப்பாய் இறக்கி, நூலைத் துண்டிப்பது என்று முடிவானது.

மறுநாளே பொக்லைன் வந்துவிட்டது. வரப்பை அரிப்பது எங்கள் ஊரில் ஒரு குலத்தொழில். ஒவ்வொரு உழவிலும் பக்கத்துக் காட்டுக்குள் ஒரு சாண் தள்ளிப் போடாவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில், தங்கள் பக்கம் ஒரு பயிர்கூடப் போய்விடக்கூடாது என்று, குழியை வண்டிப்பாதை தாண்டி மேட்டுக்காட்டுக்குள் நன்றாகவே தள்ளி வெட்டினார்கள். சுகந்தியின் முதல் இரண்டு வரிசைப் பயிர் வேரோடு போனது. யாரும் கேட்கவில்லை.

ஆள் ஆழத்துக்குக் குழி. கரையில் நின்ற ஒரு வேப்பமரத்தை மட்டும் சாமி மரம் என்று சுற்றிக்கொண்டு போனார்கள். கறுப்புத் தார்ப்பாய் இறங்குவதைச் சுகந்தி என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நான் மறுபடி மிஷின்லதான் போயி உக்காரணும் போலருக்குக்கா."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "பையத் தூக்குன, காலை ஒடச்சுடுவேன். ஊடால தட்டைப்பயறு போட்டிருக்க இல்ல?"

"கொழம்புக்குப் போட்டதுக்கா."

"அதைப் புடுங்காத. இன்னும் ரெண்டு சால் சேத்து வெதை. பயறு வேர்லயும் தழைச்சத்துப் புடிக்கற ஆளு உண்டு. பள்ளக்காட்டுக்கு ஈடாகாது. ஆனா சாகவிடாது. பத்து வீட்டுக்கும் சொல்லு."

சொன்னாள். பதினோரு வீட்டிலும் மக்காச்சோளத்துக்கு ஊடே பயறு முளைத்தது. மேட்டுக்காடு மஞ்சள் அடித்தது, தலை தொங்கியது, பிறகு மெல்ல நிமிர்ந்தது.

பள்ளக்காட்டிலோ கொண்டாட்டம். திரையில் அவர்கள் காடு கரும்பச்சையாகக் கிடந்தது. அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. செழியன் மாமா டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார், எனக்கும் இரண்டு கொடுத்தனுப்பினார். கோபமாக இருந்தாலும் தின்றேன், வடை என்ன பாவம் செய்தது?

கார்த்திகை பிறந்தது. பள்ளக்காட்டுச் சோளத்தின் இலை ஓரங்களில் ஊதா நிறம் ஏறியது. கத்தரிப்பூ நிறத்தில் கரை வைத்தமாதிரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பனி என்றார்கள். பிறகு கண்ணேறு என்றார்கள், காட்டு நடுவே கண்ணும் மீசையும் எழுதிய பூசணிக்காய் ஏறியது. ஊதா நிறம் பூசணிக்குப் பயப்படவில்லை. பயிர் வளர்வதை நிறுத்திவிட்டது. பிறகு யாரோ மேட்டுத்தெருப் பக்கம் கைநீட்டினார்கள். "என்னத்தையோ தூவிட்டாளுவ" என்று பேச்சு கிளம்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊதா ஏறினால் மணிச்சத்துக் குறைவு என்று இலையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். பெரம்பலூர்க் கடையில் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை அளக்கும் ஊசி வாங்கி, செழியன் மாமா காட்டில் குத்தினேன். கரிசல் மண்ணில் மணிச்சத்து இருக்கும், ஆனால் சுண்ணாம்போடு ஒட்டிப் பூட்டிக்கொண்டு கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. பழைய உரத்தின் மிச்சமும் இந்த மூன்று வருடத்தில் தீர்ந்திருக்க வேண்டும், ஊசி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றது. பிறகு குழியைத் தாண்டி மேட்டுக்காட்டில் குத்தினேன். ஊசி எகிறியது.

"சுகந்தி, அந்தக் கல்லு ஒண்ணை எடு."

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கல்லுருண்டையைத் தோண்டி எடுத்தாள். அதைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு நூல் சுற்றியமாதிரி நூலாயி படர்ந்திருந்தாள். நூலைத் துடைத்துப் பார்த்தால் கல்லில் சின்னச் சின்னக் குழிகள். அவள் கல்லைக் கரைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"இது என்னாக்கா?"

"இந்த எடம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சு. மீன் எலும்பும் பல்லும் கிளிஞ்சலும் சேந்து எறுகி இந்த உருண்டையா ஆயிருக்கு. இதுல மணிச்சத்து நெறைய. நம்ம வாயாலயும் பல்லாலயும் ஆவாது, நூலாயியால ஆவும்."

சுகந்தி அந்தக் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் பொறுக்கிப் பொறுக்கி எங்கப்பாவுக்கு இடுப்பே ஒடிஞ்சுபோச்சு" என்றாள்.

நேராகச் செழியன் மாமா காட்டுக்குப் போனேன். கல்லை அவர் கையில் கொடுத்தேன்.

"மாமா, மேட்டுக்காடு திருடல. யாவாரம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. உங்க தழைச்சத்தை வாங்கிக்கிட்டு அவங்க மணிச்சத்தைக் குடுத்துச்சு. நாம வரவை எழுதாம செலவை மட்டும் பாத்துட்டோம்."

கூட இருந்த அவருடைய தம்பி மகன் துள்ளினான். "ஒரு மூட்டை டிஏபி உரம் கள்ள மார்க்கெட்டுல கெடைக்கும் பெரியப்பா, போட்டா ஒரு வாரத்துல தெளிஞ்சுடும்."

"மூணு வருசமா வளத்தவளை ஒரு மூட்டையில சாவடிக்கவா?" என்று மாமா அவனை ஒரே அதட்டில் அடக்கினார். பிறகு கல்லைக் கையில் உருட்டிக்கொண்டே ஊதா இலைகளைப் பார்த்தார். "குழிய மூடிடலாம்" என்றார் கடைசியில்.

"மூடலாம். ஆனா அவங்களைக் கேக்கணும்."

"எதுக்கு?"

"குழி அவங்க பட்டாவுல இருக்கு மாமா. நீங்கதான் தள்ளி வெட்டுனீங்க."

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் லேசாக வந்தது, அடக்கிக்கொண்டார்.

மேட்டுத்தெருவில் பதினோரு வீட்டாரும் கூடிப் பேசினார்கள். மறுநாள் கூட்டம் என்று ஆனது.

கூட்டத்தன்று காலையில் குழிப்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் ஒரு காட்சி. மரத்துக்கு நேரெதிரே, பள்ளக்காட்டில் நான்கு வரிசைச் சோளம் மட்டும் புது இலை விட்டிருந்தது. அதில் ஊதா இல்லை, சுத்தப் பச்சை. மணிச்சத்து ஊசியைக் குத்தினேன். ஏறியது. தார்ப்பாய்க்குக் கீழே வேம்பின் வேர் மேட்டுக்காட்டுக் கரையிலிருந்து பள்ளக்காட்டுக் கரைக்குப் போயிருந்தது, வேரைப் பிடித்துக்கொண்டு நூலாயியும் போயிருந்தாள். போனவள் சும்மா இருக்கமாட்டாள். பதினைந்து நாளில் மணிச்சத்தைப் பள்ளக்காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள், குழியை மூடினாலும் சரி, மூடாவிட்டாலும் சரி.

ஆக, பள்ளக்காட்டுக்காரர்கள் யாரையும் கேட்கவேண்டிய அவசியமே இனி இல்லை. இது தெரிந்த ஒரே ஆள் நான். ஊசியை எடுத்துத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் சுகந்தி எழுந்தாள். போன முறைமாதிரி ஓரத்தில் நிற்கவில்லை, நடுவில் வந்து நின்றாள்.

"குழிய மூடிக்கலாங்க. காசு பணம் எதுவும் வேணாம். போன ரெண்டு வரிசைக்கும் எதுவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு. வர்ற சித்திரையில நல்லேரு எங்க மேட்டுக்காட்டுல பூட்டணும். மொதக் கரண்டி நூலாயி எங்க மண்ணுல விழணும்."

காசு கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். இதைக் கேட்டதும் மைதானம் கொதித்தது. செழியன் மாமாவின் பங்காளிகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள்.

"பரம்பரையா நம்ம காட்டுல பூட்டுற நல்லேரு!"

"ஒரு சோளக்கதிருக்காக ஊரு மொறையை வித்துடுவியாய்யா?"

"குழி இருந்துட்டுப் போவட்டும்! பயிரு செத்தாலும் பரவால்ல!"

சுகந்தி அசையவில்லை. "எங்களுக்குத் தட்டைப்பயறு இருக்குங்க. நாங்க எப்படியும் பொழைச்சுக்குவோம். மணிச்சத்துக்கு உங்ககிட்ட என்னா இருக்கு?"

செழியன் மாமா கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் சுகந்தியைப் பார்க்கவில்லை, பங்காளிகளைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார்.

"ஏம்மா வதனி. நீதான் படிச்சவ. எல்லாருக்கும் கேக்கறமாதிரி சொல்லு. குழிய மூடலேன்னா எங்க காடு என்னாவும்?"

வாயைத் திறக்காமல் இருப்பது வேறு, திறந்து பொய் சொல்வது வேறு. முடிச்சுக்குள் ஊசி உறுத்தியது. சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது.

"கதிர்ல மணி புடிக்காது மாமா" என்றேன். "வெறும் சக்கைதான் மிஞ்சும். எல்லார் காட்டுலயும்."

மாமா வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பங்காளிகள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்கல்ல? நான் என்னா பண்ணட்டும்? சித்திரையில மேட்டுக்காட்டுல பூட்டுங்க."

அன்று சாயங்காலமே குழி மூட ஆரம்பித்தார்கள். தை பிறந்து அறுவடை ஆனபோது இரண்டு காட்டிலும் கதிர் ஒரே கனம். திரையில் இப்போது இரண்டு நிறத்தில் அம்புக்குறிகள், போவது பச்சையிலும் வருவது ஊதாவிலும். டீக்கடைக்குப் போகிறவர்கள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சுகந்தி திருப்பூர் விடுதியிலிருந்த தன் பெட்டியை வரவழைத்துவிட்டாள்.

சித்திரையில் மேட்டுக்காட்டில் டிராக்டருக்குச் சந்தனம் பூசினார்கள். பூசியவர் சுகந்தியின் அப்பா. கல்லில் கலப்பை இடித்துக் கடகடவென்று சத்தம் கேட்டபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கஞ்சியில் கலந்த நூலாயியைச் சுகந்தி முதல் கரண்டி ஊற்றினாள். கொஞ்சம் அவள் காலிலும் ஊற்றிக்கொண்டாள். பள்ளக்காட்டுக்காரர்கள் எல்லோரும் வரப்புக்கு வெளியே நின்றார்கள். எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை.

செழியன் மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வேம்போரம் நாலு வரிசை, கூட்டத்துக்கு மொத நாளே பச்சை கட்டிருச்சு" என்றார், டிராக்டரைப் பார்த்தபடி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் தெனம் காட்டுக்குப் போறவன் வதனி. உன்னைமாதிரி ஊசி எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சுமா மாமா சரின்னீங்க? அப்புறம் ஏன் என்னை எழுப்பி எல்லார் முன்னாடியும் கேட்டீங்க?"

"நானா சரின்னு சொல்லிருந்தா எம் பங்காளிங்க என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருப்பானுவ. படிச்சவ சொன்னா கேப்பானுவ." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்க காட்டுல போயி குழிய வெட்டுனது நானு. ரெண்டு வரிசையப் புடுங்குனதும் நானு. அந்தப் புள்ள அதுக்குக்கூட ஒண்ணும் கேக்கலையே. நீ பொய் சொல்லுவியா மாட்டியான்னுதான் எனக்கு ஒரே கவலையா இருந்துச்சு. பரவால்ல, நல்லாவே சொன்ன."

வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எந்தப் படிப்பிலும் சொல்லித்தரவில்லை. ஊரிலேயே பெரிய கள்ளி நான்தான் என்று நினைத்துக்கொண்டு அத்தனை நாள் திரிந்திருக்கிறேன்.

சுகந்தி பொங்கல் பாத்திரத்தோடு வரப்புக்கு வந்தாள். "ஐயா, உள்ள வாங்க. ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"இருக்கட்டும்மா. இந்த வருசம் இங்கேருந்துதான் வாங்கித் திங்கணும்" என்றார் செழியன் மாமா. வாழை இலைத் துண்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வைத்த பொங்கல் கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஊதி ஊதித் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.